இரண்டு மூக்கு மயில்

கோச்சடை, மதுரை
9.6.2024

அன்புள்ள மாப்பிள்ளை செல்வத்துக்கு,

மச்சான் சின்னச்சாமி எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் காய்ச்சல், தலைவலி என்று ஒன்றும் இல்லை. ஓசூரில் நீயும் மீனாவும் அஸ்வினியும் எப்படி இருக்கிறீர்கள்? அந்த ஊர்க் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டதா?

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. முப்பத்தொரு வருடம் பஸ் இஞ்சின் பக்கத்தில் நின்று டிக்கெட் கிழித்ததில் எனக்கு வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காது அது இஷ்டத்துக்கு வேலை பார்க்கிறது. உன் அக்காவிடம் பேசலாம் என்றால், அவள் போனை அணைத்து, பழைய சேலையில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். என் மகன் அழகுபாண்டி போன நாளிலிருந்து இந்த வீட்டில் போன் மணி அடிக்கக் கூடாது. உனக்குத் தெரியாதது இல்லை. "வேலை நேரத்தில் போன் பேசியதால் கவனம் சிதறி, பிரஸ் மெஷினுக்குள் கையை விட்டார்" என்று கம்பெனி ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததே, அதை அவளுக்கு வாசித்துக் காட்டிய புத்திசாலி நான்தான். போன் பண்ணியவள் அவள். அன்றைக்குச் சோற்றை ஒதுக்கி வைத்தவள் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் நாணயப் பெட்டியை மறுபடி திறந்திருக்கிறேன். வேறு என்ன செய்வது? அழகு இருந்தவரை சந்தேகம் வந்தால் போனில் தேடிச் சொல்லுவான். இப்போது நீதான். பிரஸ்ஸும் டையும் உன் தொழில் அல்லவா. இத்துடன் ஒரு இரண்டு ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். விளிம்பிலிருந்து சிங்கத் தலை வரை ஒரு கோடு ஓடுகிறது, பார். டவுன்ஹால் ரோட்டு நாணயக் கடைக்காரர் இதை "பெரிய எர்ரர்" என்கிறார். அப்படியா?

அன்புடன்,
சின்னச்சாமி


ஓசூர்
20.6.2024

மதிப்புள்ள மச்சான் அவர்களுக்கு,

செல்வம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் சௌக்கியம். அஸ்வினி இங்கே வந்து கன்னடம்கூட நாலு வார்த்தை பேசுகிறாள். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

காசைப் பார்த்தேன். அந்தக் கோட்டின் மேல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மேடேறி இறங்கும். அப்படியென்றால் கோடு காசில் விழுந்தது இல்லை, அச்சில் விழுந்தது. நாங்கள் டை என்போம். டையில் விரிசல் விட்டால் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிக்கொள்ளும், காசில் அது மேடாக நிற்கும். டையை மாற்றுகிறவரை அதில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கும். தேடினால் இன்னும் நூறு கிடைக்கும்.

எர்ரர் என்பது வேறு. தகடு விலகி உட்கார்ந்து பாதி அச்சு விழுவது, இடையில் ஏதோ சிக்கி அதன் தடம் பதிவது, இதெல்லாம் அடிக்கும்போது ஒரு தடவை நேர்கிற கோளாறு. அந்தக் காசோடு முடிந்துபோகும். டையின் மேல் குற்றம் கிடையாது. கடைக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், எல்லாவற்றையும் எர்ரர் என்று சொல்லித்தான் தள்ளுவார்கள்.

அக்காவை ஏதாவது கோயில் குளத்துக்குக் கூட்டிப்போங்கள். பழையதைக் கிளற வேண்டாம் மச்சான். காசைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தங்கள்,
செல்வக்குமார்


கோச்சடை
7.7.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் காசும் வந்தன. அஸ்வினி கன்னடம் பேசுவதை உன் அக்காவிடம் சொன்னேன். வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது எனக்கு நகத்தால் தடவுவதே வேலை. டவுன்ஹால் ரோட்டுக்குப் போய்க் கடைக்காரரின் தட்டில் கிடந்த ஏழெட்டுக் காசைத் தடவி, "இது டைண்ணே, இது எவனோ ஆணியால கீறுனது" என்று பிரித்து வைத்தேன். "சின்னச்சாமிண்ணே, யாவாரத்தக் கெடுக்க யார்கிட்ட படிச்சிட்டு வந்தீக?" என்று அவர் கும்பிட்டார். மச்சினன்கிட்ட என்று பெருமையாகச் சொன்னேன்.

இன்னொரு சந்தேகம். என்னிடம் ஒரே வருடத்து ஐந்து ரூபாய்க் காசு இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் வருடத்து எண் இரட்டையாகத் தெரிகிறது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி. இது டையா, எர்ரரா?

பழையதைக் கிளற வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் எங்கே கிளறுகிறேன், அது தானே மேலே வருகிறது. போன வாரம் மாடிவீட்டுக்காரர் போன் அடித்தது. அழகு வைத்திருந்த அதே பாட்டு. உன் அக்கா கையிலிருந்த குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். "நான் அன்னைக்கு அந்தப் போனத் தொடாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்ல?" என்கிறாள். எட்டு மாதமாக இதே கேள்வி. நான் அங்கே இல்லை. நீ இருந்தாய். அதே கம்பெனியில் ஃபோர்மேனாக, அந்த மெஷின் ஷாப்பிலேயே இருந்தாய். அடிபட்டபோது போன் அவன் கையில் இருந்ததா, மாப்பிள்ளை? அதை மட்டும் எழுது.

சின்னச்சாமி


ஓசூர்
19.7.2024

மதிப்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அஸ்வினிக்கு முன்பல் இரண்டு விழுந்து, சிரித்தால் வாசல் திறந்த வீடு மாதிரி இருக்கிறது. உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

இரட்டை எண் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. இரண்டு வழியில் வரலாம். டையைச் செய்யும்போதே அதில் எழுத்து இரண்டு முறை பதிந்திருக்கலாம். அப்படியானால் அந்த டையில் அடித்த எல்லாக் காசிலும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி இரட்டை விழும். டை நன்றாக இருந்து, அடித்த காசு வெளியே வராமல் அங்கேயே கிடந்து, மெஷின் இரண்டாவது தடவை விழுந்திருந்தாலும் இரட்டை வரும். ஆனால் முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் காசு கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒன்றில் மேலே தள்ளியிருக்கும், இன்னொன்றில் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். ஒன்று போல் ஒன்று இருக்காது.

ஒரே ஒரு காசை வைத்துச் சொல்லச் சொன்னால் நான்கூடத் தடுமாறுவேன். இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும். உங்களுடைய இரண்டும் ஒரே மாதிரி என்றால் அது டைதான்.

இங்கே புதுக் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. பதில் தாமதமானால் தவறாக நினைக்க வேண்டாம். அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

செல்வக்குமார்


கோச்சடை
4.8.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நேற்று ஆடிப்பெருக்கு. வைகையில் முழங்கால் அளவுதான் தண்ணீர், அதற்கே ஊர்க்கூட்டம். உன் அக்கா வரவில்லை. மீனாவுக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆசி.

இரண்டு காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி, ஒரே பக்கம். டைதான். நல்ல வாத்தியார் நீ. ஆனால் நான் இரண்டு கேள்வி கேட்டேன், நீ ஒன்றுக்குத்தான் பதில் எழுதினாய். பரவாயில்லை, மறந்திருப்பாய்.

வேறொன்று கிடைத்தது. நீங்கள் கப்பலூர்க் கம்பெனியில் பம்ப்செட் மோட்டாருக்கு ஒட்டும் வட்ட அலுமினிய வில்லை அடித்தீர்களே, நடுவில் மயில் போட்டது, அதில் கழித்துப் போட்டதை அழகு எனக்குக் கொண்டுவந்து தருவான். "இந்தாங்கப்பா, ஒங்களுக்கு எர்ரர் காசு. மயிலுக்கு ரெண்டு மூக்கு" என்பான். நானும் வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாணயத்தைப் போடுகிற மாதிரியே ஒவ்வொன்றையும் சின்னக் காகித உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிடுவேன். கண்டக்டர் புத்தி, தேதி போடாமல் எதையும் வைக்க வராது. பெட்டியின் அடியில் இருந்தன. இத்தனை நாள் தொட மனம் வரவில்லை.

அதில் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். 16.10.2023 என்று உறையில் இருக்கிறது. அவன் போனதற்குப் பதினோரு நாள் முன்னால். இது டையா, மெஷின் இரண்டு தடவை விழுந்ததா? பார்த்து எழுது.

சின்னச்சாமி


ஓசூர்
2.9.2024

மச்சான் அவர்களுக்கு,

இங்கே நலம். வேலை அதிகம், அதனால் தாமதம். மன்னிக்கவும்.

வில்லையைப் பார்த்தேன். அது டைக் கோளாறுதான். புது டை செய்தபோதே மயில் இரட்டையாக விழுந்துவிட்டது, பிறகு மாற்றிவிட்டோம். அதில் ஒன்றும் இல்லை. அதையெல்லாம் வைத்துக்கொண்டு மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். அக்கா கண்ணில் படவேண்டாம்.

செல்வக்குமார்


கோச்சடை
12.9.2024

மாப்பிள்ளை செல்வத்துக்கு,

நலம் விசாரிப்பதை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒன்றை வைத்துச் சொல்லச் சொன்னால் தடுமாறுவேன் என்று நீ எழுதிய கடிதம் என் மேஜையில் இருக்கிறது. நான் ஒன்றுதான் அனுப்பினேன். நீ தடுமாறவே இல்லை.

மொத்தம் ஏழு வில்லைகள் இருந்தன. உனக்கு அனுப்பியதைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, பென்சிலால் தேய்த்து நகல் எடுத்த பிறகுதான் அனுப்பினேன். அதையும் மீதி ஆறையும் வரிசையாக வைத்தேன். அக்டோபர் ஒன்பதாம் தேதியில் இரண்டாவது மூக்கு நூலளவுதான் தள்ளியிருக்கிறது. பதினொன்றில் மேலே. பதினான்கில் இடது பக்கம். பதினாறு நீ பார்த்தது. பதினெட்டில் மயில் சாய்ந்து விழுந்திருக்கிறது. இருபதில் பாதி மயில் வில்லைக்கு வெளியே போய்விட்டது. இருபத்தைந்தில் இரண்டாவது அடி வில்லையின் ஓரத்தில் மட்டும் விழுந்து, ஓரம் நசுங்கியிருக்கிறது. ஒன்று போல் ஒன்று இல்லை. டையில் எந்தக் குற்றமும் இல்லை, மாப்பிள்ளை. மெஷின் தானாக இரண்டாவது தடவை விழுந்திருக்கிறது.

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஏன் தெரியுமா? இரண்டு அடிக்கும் நடுவில் வில்லை நகர்ந்திருக்கிறது. வில்லைக்குக் காலா இருக்கிறது நகர? வெளியே எடுக்கப் போன கை நகர்த்தியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து விழுந்திருக்கிறது. ஏழு தடவை என் பிள்ளையின் கை அதற்கு அடியில் இருந்து தப்பியிருக்கிறது. ஏழு தடவையும் அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினான். நான் ஏழு தடவையும் சிரித்தேன். கண் இருந்தும் குருடன் என்பது என்னைத்தான்.

கேஸ், நஷ்டஈடு என்று நான் எங்கும் போகப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது யார் என்றும் கேட்கவில்லை. போன்தான் பிள்ளையைக் கொன்றது என்று உன் கூடப்பிறந்தவள் நம்பிக்கொண்டு தேய்ந்துகொண்டிருக்கிறாள். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பாள். அங்கே இருந்தவன் நீ சொன்னால் நம்புவாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் கையால் எழுது. அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு அது போதும்.

சின்னச்சாமி


கோச்சடை
13.10.2024

செல்வம்,

ஒரு மாதம் ஆகிவிட்டது. போஸ்ட்மேன் நம் தெருவில் நுழைந்தாலே வாசலுக்குப் போய்விடுகிறேன்.

உன் அக்கா புதன்கிழமை குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, "இவங்களுக்கு மருந்து வேணாம், சோறு போடுங்க" என்று அனுப்பிவிட்டார். யார் போட்டாலும் இறங்கவில்லை. ஐப்பசி வளர்பிறையில் அழகுவின் வருடத் திதி வருகிறது. அதுவரைக்கும் இப்படியே போனால் இரண்டு படமாக மாட்ட வேண்டியிருக்கும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்னச்சாமி


ஓசூர்
24.10.2024

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. அதற்குத் தைரியம் இல்லாமல்தான் நானூறு கிலோமீட்டர் தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்தது சரி. அந்தப் பிரஸ்ஸில் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. காலால் பெடலை மிதித்தால் ஒரு தடவைதான் இறங்க வேண்டும். இது சில சமயம் மிதிக்காமலே இரண்டாவது தடவை இறங்கும். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து எனக்குத் தெரியும். புது ஸ்பிரிங் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை மெஷினை நிறுத்த வேண்டும். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் போகணும் என்றார் முதலாளி. வேறொரு மெஷினில் கிடந்த பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டினேன். பிறகு மெஷினை நிறுத்து என்று நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்களோ என்னவோ. நான் சொல்லவில்லை.

அழகு என்னிடம் இரண்டு தடவை வந்து சொன்னான். முதல் தடவை, "பாத்து ஓட்டுடா" என்றேன். இரண்டாவது தடவை அன்றைக்குக் காலையில். "மாமா, இது தானா விழுகுது. நான் இன்னைக்கோட நிண்டுக்கிறேன்" என்றான். "தீபாவளி வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டிரு மாப்ள, நீயே இப்படிச் சொன்னா மத்தவன் எப்படி உக்காருவான்" என்றேன். அவன் சரி என்று சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனான். வேப்ப மரத்தடியில் நின்று போன் பேசினான். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். பேசி முடித்து உள்ளே வந்தான், போனைச் சுவரில் மாட்டியிருந்த தன் பையில் போட்டான், மறுபேச்சு இல்லாமல் மெஷினில் உட்கார்ந்தான். மூன்றாவதோ நான்காவதோ வில்லை. நான் ஓடி வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. ரத்தம் நிற்கவே இல்லை, ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலை என் மடியில்தான் இருந்தது.

போன் அவன் கையில் இல்லை. சட்டைப் பையிலும் இல்லை. ரிப்போர்ட்டில் அந்த வரியைச் சேர்த்தது நான் இல்லை, ஆனால் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. போனில் அந்த நேரத்துக்குக் கால் வந்திருந்தது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. இங்கே கிடைத்த வேலையும் அந்த முதலாளி பார்த்துக் கொடுத்ததுதான். மீனாவுக்குக்கூட இது தெரியாது.

காது குத்தும்போது அவனை என் மடியில்தான் உட்காரவைத்தீர்கள். கோடித் துணி போட்டதும் நான்தான். அக்காவிடம் சொல்லுங்கள், அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. திதிக்கு வர எனக்கு முகம் இல்லை. நீங்கள் வரச் சொன்னால் வருகிறேன். மதுரையில் எந்த ஆபீசில் போய் இதைச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

செல்வம்


கோச்சடை
18.11.2024

செல்வத்துக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. எங்களுக்குத் தீபாவளி இல்லை. வெளியே ஊரே வெடித்துக்கொண்டிருக்க, கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கு வாசித்தேன்.

என் கோபத்தை நான் மறைக்கப்போவதில்லை. வாசித்து முடித்தபோது நீ எதிரில் இருந்திருந்தால் கையை ஓங்கியிருப்பேன். என் பிள்ளை உன்னிடம் இரண்டு தடவை வந்து சொல்லியிருக்கிறான். திதிக்கு உன்னைக் கூப்பிடாததும் அதனால்தான்.

ஆனாலும் நீ எழுதினாய். அதற்காக ஒன்று சொல்ல வேண்டும். உன் அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை என்று நீ கடைசியில் எழுதியதை அவள் காதிலேயே வாங்கவில்லை. "பேசி முடிச்சி உள்ள வந்தான்னு இருக்குல்ல, அத இன்னொரு தடவ வாசிங்க" என்றாள். வாசித்தேன். போனைப் பையில் போட்டுவிட்டு மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்தான் என்ற இடம் வந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், செல்வம். அவனை எடுத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நான் தடுக்கவில்லை. ஒரு வருடமாக அடைத்து வைத்த பாரம் இறங்குகிறது, இறங்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தானாகவே எழுந்து உலை வைத்தாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், நம்புவாயா? பீரோவிலிருந்து போனையும் எடுத்துவிட்டாள். திதி போன புதன்கிழமை முடிந்தது. பிண்டத்தை வைகையில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது, "நீங்க மட்டும் நோண்டிப் பாக்காட்டி எனக்கு இது தெரிஞ்சிருக்காது" என்றாள். முப்பது வருடத்தில் அவள் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இதுதான். நானும் கொஞ்சம் தூங்குகிறேன்.

தை பிறக்கட்டும். நாம் இருவரும் சேர்ந்து தொழிற்சாலை ஆய்வாளரைப் பார்ப்போம். அந்த மெஷினில் இப்போது வேறு யார் பிள்ளையோ உட்கார்ந்திருப்பான். அஸ்வினியைக் கேட்டதாகச் சொல்.

சின்னச்சாமி


கோச்சடை
24.11.2024

தம்பி செல்வத்துக்கு,

அக்கா பாண்டியம்மாள் எழுதுவது. நீயும் மீனாவும் பிள்ளையும் நன்றாக இருங்கள். எட்டாம் வகுப்போடு விட்ட எழுத்து, பிழை இருந்தால் தள்ளிப் படி. உன் மச்சான் மீன் வாங்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதி, மாடிவீட்டுப் பெண்ணிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும்.

நீ எழுதியதை அவர் வாசித்தார். மெஷின் தானாக விழுந்ததும் நீ அதை மறைத்ததும் எனக்குப் புதிது இல்லை. மெஷின் விழுகிறது என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

எல்லோரும் என்னிடம் ஏன் போன் பண்ணினாய் என்று கேட்டார்கள். போலீஸ் கேட்டது, கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், சாவுக்கு வந்தவர்களும் கேட்டார்கள். என்ன பேசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் மச்சானும் கேட்கவில்லை.

அன்றைக்குக் காலையில் அவன் சாப்பிடாமல் போனான். "இன்னைக்கு மாமாகிட்டச் சொல்லிட்டு வந்துருவேன்" என்றான். நீ பார்த்துக் கொடுத்த வேலை. ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்ல நாள் வருகிற நேரத்தில் விட்டுவிட்டு வந்து நிற்பானோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் பதினொன்று பத்துக்குப் போன் பண்ணினேன்.

எடுத்ததும், "அம்மா, நான் கெளம்பி வாரேன். மிஷினு தானா விழுகுது. மாமா ஓட்டுங்கிறாரு" என்றான். பயந்து போயிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏண்டா, கூடப்பெறந்த மாமன் நிக்கிறான், ஒன்னைய அடிபட விட்டுருவானா? அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாலு பேரு முன்னாடி மாமன் மானத்த வாங்கிறாத. போயி வேலயப் பாரு" என்றேன். "சரிம்மா" என்றான். வைத்துவிட்டான்.

அவன் கிளம்பத்தான் நின்றிருக்கிறான். நீ பார்த்திருக்கிறாய். சட்டையை மாற்றப் போகிறவனை நான்தான் திருப்பி அனுப்பி உட்கார வைத்தேன். என் பேச்சைக் கேட்டுத்தான் உட்கார்ந்தானோ, வேறு எதற்காகவாவது உட்கார்ந்தானோ என்று ஒரு வருடமாகச் சந்தேகம் இருந்தது. நீ எழுதியதில் அது தீர்ந்துவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபமா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. உன்னைத் திட்ட வாயெடுத்தால் அது என்னிடமே வந்து நிற்கிறது.

இதை உன் மச்சானிடம் ஒரு நாளும் சொல்லாதே. அவர் தேட ஆரம்பித்தால் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். நான் சாப்பிடாமல் இருந்தால் மறுபடி எதையாவது தேடுவார். தேடிக்கொண்டே போனால் இந்த வீட்டுக்குள்தான் வந்து நிற்பார். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிறார். இரவில் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அது கெடக் கூடாது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. பதில் எழுதாதே, வருகிற கடிதத்தை எல்லாம் அவர்தான் பிரிக்கிறார். தையில் வந்தால் என்னைத் தனியாகப் பார்த்துப் பேசாதே.

திதி முடிந்தபிறகு இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கவிச்சி. எனக்குப் பிடிக்கும் என்று அயிரை வாங்கி வரப் போயிருக்கிறார். வந்ததும் கழுவிக் குழம்பு வைக்க வேண்டும். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அக்கா
பாண்டியம்மாள்